தட்டிப் பார்த்த பிறகு

இலை ஓரத்தில் அரைவட்டம். கம்பாஸ் வைத்துக் கீறி எடுத்த மாதிரி அத்தனை சுத்தம். ஓர் இலையில் இரண்டு, பக்கத்து இலையில் மூன்று. 2004ஆம் வருஷம், கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நான் வைத்த முதல் ஆறு ரோஜாச் செடிகளில் நான்கு இப்படி ஆகிவிட்டன. புழுதான் என்று நானே முடிவு கட்டினேன். மாலூரில் நான் வேலை பார்த்த பூப்பண்ணையிலிருந்து சின்ன புட்டியில் கொஞ்சம் மருந்து கொண்டுவந்திருந்தேன். அதைத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்தேன். அன்று ராத்திரி முழுக்க நைனா இருமினார்.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். முப்பத்துநான்கு வருஷம் சுரங்கத்துக்குள் கல்தூசு குடித்த நுரையீரல் அவருடையது. வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, செடிகளுக்குப் பக்கத்தில்தான் பகல் முழுக்க இருப்பார். விடிந்ததும் கேட்டார்: "இன்னா மருந்து அது?"

"பூச்சி மருந்து, நைனா."

"எந்தப் பூச்சிக்கு? பாத்தியா?"

பார்க்கவில்லை. எந்த இலையிலும் ஒரு புழுவைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டுக் காட்டினார். தேனீ மாதிரி ஒன்று, கொஞ்சம் தடித்தது, இலை ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. கத்தரி போல் வாயை ஓட்டி, பத்து நொடிக்குள் ஒரு வட்டத்துண்டை வெட்டி, அதைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பறந்தது. நேரே போய் எங்கள் வேலி மூங்கிலின் ஓட்டைக்குள் நுழைந்தது. இலைவெட்டித் தேனீ. இலையை அது தின்பதில்லை. மூங்கில் ஓட்டைக்குள் முட்டை வைக்க அறை அறையாகத் தொட்டில் கட்டுகிறது, அவ்வளவுதான். செடிக்கு இதனால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. இல்லாத புழுவுக்கு மருந்து அடித்து, இருந்த மனுஷனை இருமவைத்திருக்கிறேன். அந்தப் புட்டியை மறுநாள் மாலூருக்கே எடுத்துப் போய் வைத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு என் வாசலில் விஷ மருந்து ஏறவில்லை. இயற்கை வழி, அங்கக முறை என்றெல்லாம் எனக்கு அப்போது பெயர் தெரியாது. இருமல் சத்தம்தான் தெரியும்.

நைனா டிம்பர்மேன். தோண்டிய இடத்தில் மேல்பாறை சரியாமல் இருக்க மரம் கொடுத்துக் கட்டுவது அவர் வேலை. ஷிஃப்டில் இறங்கியதும் முதல் காரியம், கடப்பாரையால் மேலே தட்டிப் பார்ப்பது. கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. டொப்பென்று கேட்டால் உள்ளே விரிசல் விட்டுத் தொங்குகிறது என்று அர்த்தம். அதை நெம்பித் தள்ளிவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். வீட்டில் அலமாரிப் பாத்திரம் குலுங்கும். யார் ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முப்பத்துநான்கு வருஷம் இருந்துவிட்டு முழுசாக மேலே வந்த மனுஷர், தட்டிப் பார்க்காமல் எதிலும் கை வைக்க மாட்டார்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து கணக்கு வைத்தால், இந்த மண்ணிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் போயிருக்கிறது. தோண்டியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஜனம். அந்தக் காலத்தில் ரோஜா எங்கள் பக்கத்துப் பூ கிடையாது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாவில்தான் ரோஜா. லைனில் கனகாம்பரமும் செம்பருத்தியும். பாட்டியை ஆயா என்போம். என் ஆயா ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்த்தவர். அங்கே கவாத்து செய்து வீசிய குச்சிகளில் ஒன்றைப் புடவை முந்தியில் சுற்றிக் கொண்டுவந்து கிணற்றடியில் ஊன்றினாராம். பன்னீர் ரோஜா. அந்தச் செடியின் குச்சியின் குச்சிதான் இன்றும் என் வாசலில் நிற்கிறது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஊரே ரயிலேறியது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வண்டியில் பெங்களூருக்குக் கூலி வேலை, செக்யூரிட்டி வேலை, கார்மெண்ட்ஸ் வேலை என்று ஆயிரக்கணக்கில் போனோம், இன்றும் போகிறார்கள். நான் மாலூரில் இறங்கிவிடுவேன். அங்கே ஒரு பண்ணை, பெயர் வேண்டாம். முதலில் நாற்றுப் பிரிவில் கண் ஒட்டு கட்டினேன். பிறகு பசுமைக்குடிலில் மருந்து அடிக்க மாற்றினார்கள். மூக்குக்கு முந்தானைதான் முகமூடி. புட்டியின் மேல் இருக்கும் முக்கோணத்தை வைத்து விஷத்தின் வேகத்தைப் படிக்க அங்கேதான் கற்றேன்: சிவப்பு கொடுமையானது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது மஞ்சள் முக்கோணம்.

கண் ஒட்டு மட்டும் அந்தப் பண்ணை எனக்குக் கொடுத்த சொத்து. ரோஜாவைக் கடையில் வாங்குகிறவர்கள் பலருக்கு அது இரண்டு செடி சேர்ந்த ஒன்று என்பது தெரியாது. வேர் ஒரு செடியுடையது, பூ இன்னொன்றுடையது. பென்சில் தடிமனில் வளர்ந்த காட்டு ரோஜாத் தண்டில், தரைக்குக் கொஞ்சம் மேலே, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி தோலை மட்டும் கீறுவோம். கத்தியின் பின்பக்கத்தால் மெல்ல நெம்பினால் தோல் இரண்டு பக்கமும் கதவு மாதிரித் திறக்க வேண்டும். திறக்காமல் கிழிந்தால் செடியில் சாறு ஓடவில்லை. தண்ணீர் விட்டு, ஒரு வாரம் கழித்து வா என்று அர்த்தம். நல்ல ரகத்தின் கிளையிலிருந்து, இலைக்காம்புக்கு மேலே உப்பியிருக்கும் கண்ணை, கேடயம் போல் ஓர் அங்குலத் தோலோடு சீவி எடுத்து, பின்னால் ஒட்டியிருக்கும் கட்டைத் துணுக்கை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, அந்தக் கதவுக்குள் இறக்குவோம். கண் மட்டும் வெளியே தெரிய பாலித்தீன் நாடாவால் சுற்ற வேண்டும். மூன்று வாரத்தில் கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. கறுத்தால் போயிற்று. ஒரு நாளைக்கு 300 கண் கட்டியிருக்கிறேன். ராத்திரி சோறு பிசையும்போதும் விரல் அந்த அளவிலேயே மடங்கும்.

இதைத் தெரிந்துகொண்டதால் ஒரு நன்மை. பக்கத்து லைனில் ஒரு தங்கச்சி, "அக்கா, என் ரோஜா போன வருஷம் செவப்பா பூத்துது, இந்த வருஷம் கூரை வரைக்கும் வளந்துட்டு, கொத்துக் கொத்தா சின்ன வெள்ளப்பூ பூக்குது, மண்ணு மாறிட்டுதா?" என்று கேட்டாள். போய் உட்கார்ந்து அடியைத் தோண்டிப் பார்த்தேன். ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டு ரோஜா கிளம்பி, மேலே இருந்த சிவப்பைப் பட்டினி போட்டுக் கொன்றிருந்தது. அந்தக் கிளையில் ஓர் இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருக்கும், நல்ல ரகத்தில் ஐந்து என்று பலரும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். சில நல்ல ரகங்களும் ஏழு விடும். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக் கணுவுக்குக் கீழே என்றால் கத்தரிக்காமல், பிறந்த இடத்திலிருந்து பிய்த்து எடுங்கள். வெட்டினால் ஒன்று நாலாகும்.

இனி மண். எங்கள் வாசல் பத்தடிக்குப் பதினாலடி. செம்மண்தான், ஆனால் பாதி கல்சில்லு. ஒவ்வொரு செடிக்கும் நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடியாகக் குழி எடுத்தோம். கடப்பாரை பிடித்தது நான், குழியோரம் உட்கார்ந்து கல் பொறுக்கியது நைனா. எடுத்த மண்ணை இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டோம். குழியை நிரப்ப மணல் கொஞ்சம் வேண்டியிருந்தது. தெரு முனையில் போனால் மலை மலையாக இருக்கிறதே, நாலு கூடை வாரிக்கொள்ளலாம் என்றான் என் தம்பி. சயனைடு மேட்டைச் சொன்னான்.

கோலார் தங்க வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த மேடுகளைச் சொல்ல வேண்டியதில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டானவை. 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். 2024இல் அதை மறுபடி அலசி மிச்சத் தங்கத்தை எடுக்கக் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த மேட்டு மண்ணைக் கையில் எடுத்தால் கோலமாவு மாதிரி விரலிடுக்கில் வழியும். நைனா தம்பியைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "நடு மேட்டுல புல்லு மொளச்சிப் பாத்துக்கீறியா நீ?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கல்மாவில் உயிர்ச்சத்து துளியும் கிடையாது. பாறைக்குள் இருந்த வேண்டாத உலோகங்களும் அதில் இருக்கும். மணலைக் காசு கொடுத்தே வாங்கினோம். செம்மண் இரண்டு பங்கு, மக்கின சாணி உரம் ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு, குழிக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. இன்றைக்கும் அதுதான் என் கணக்கு.

'மக்கின' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாம் வருஷம் அதில்தான் சறுக்கினேன். லைனில் மாட்டுக்குக் குறைவில்லை, சாணிக்கும் குறைவில்லை. பச்சைச் சாணியை அப்படியே அள்ளி ஆறு செடிக்கும் போட்டேன். ஆடி மாதம் ஒரு செடி, தண்ணீர் இருந்தும் வாடியது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. குழிக்குள் விரல் தடிமனில், பால் நிறத்தில், அரைவட்டமாகச் சுருண்ட புழுக்கள். வேர்ப்புழு. மக்காத சாணியில் தாய் வண்டு முட்டை வைக்கும், புழு வேரைத் தின்னும், மறு கோடையில் முதல் மழை விழுந்ததும் வண்டாக மண்ணிலிருந்து கிளம்பும். நான் உரம் என்று போட்டது அதற்குப் பிரசவ அறை.

அடுத்த மே மாதம், முதல் கோடை மழைக்கு மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு வாசலில் நின்றேன். பகலில் ஒரு வண்டுகூட இருக்காது. இருட்டியதும் மண்ணிலிருந்து பழுப்பு வண்டுகள் விர்ரென்று கிளம்பி ரோஜா இலையில் அப்பின. வேப்பெண்ணெய் அடித்தால் எல்லாம் ஓடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எதிரே இருந்த வேப்பமரத்தில் டார்ச்சைத் திருப்பினேன். அங்கேதான் கூட்டம் அதிகம். வேப்பிலையையே மென்று கொண்டிருந்தன! பிறகு எண்ணெயாவது ஒன்றாவது. மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, கிளையை உலுக்கி, விழுந்ததை சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளினோம். லைன் பிள்ளைகளுக்கு அது திருவிழா. மழைக்குப் பின் பத்து ராத்திரி இதைச் செய்தால் அந்த வருஷத்துப் புழுவில் பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சத்துக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சணத்தை மக்கின உரத்தில் கலந்து மண்ணில் போடுகிறேன். அது புழுவின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லும். மனுஷருக்கு ஒன்றும் செய்யாது.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஆடிக்காற்று எழும்பினால் சயனைடு மேட்டிலிருந்து தூசு புகைபோல் கிளம்பும். கொடித்துணி, சோற்றுப் பானை, இலை எல்லாவற்றிலும் மெல்லிசாகப் படியும். அந்த மாதங்களில் ரோஜா இலை மேலே புள்ளிபுள்ளியாக வெளிறி, வெண்கலம் பூசினாற்போல் ஆகும். தூசுதான் இலையை எரிக்கிறது என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒரு நாள் இலையைத் திருப்பி, வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் தட்டினேன். தாளில் விழுந்த செம்புள்ளிகள் நடக்க ஆரம்பித்தன. சிவப்புச் சிலந்திப்பேன். காய்ந்த தூசு படிந்த இலை அதற்குச் சௌகரியம். அதைத் தின்னும் பூச்சிகளுக்கு அந்தத் தூசு இடைஞ்சல். இதற்கு மருந்து தண்ணீர்தான். ஆடி, ஆவணியில் வாரம் இரண்டு காலை, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி கைப்பம்பால் பீய்ச்சிக் கழுவுகிறேன். காலையில்தான்; வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரும்புள்ளி நோய்க்கு நாமே கதவு திறந்ததாகும். பேன் அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் ஒரு தடவை. நல்ல வெயிலில் அடித்து ஒரு முழுச் செடியின் இலையைப் பொரித்த அனுபவமும் எனக்கு உண்டு.

தை மாதம் மொட்டுக் காம்பில் பச்சை அசுவினி அப்பும். இதற்கு என் மருந்து, ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. எறும்பு ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். எறும்பு அசுவினியைப் பால்மாடு மாதிரி மேய்க்கும், பொறிவண்டை அண்டவிடாது. தொட்டிக் காலைத் தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பைத் தடுத்துவிட்டால், முதலை மாதிரி உடம்புள்ள பொறிவண்டுக் குட்டிகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் குட்டியைக் கெட்ட புழு என்று நசுக்கியவர்களில் நானும் ஒருத்தி.

தண்ணீர்தான் இங்கே தங்கத்தைவிட அருமை. பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் போட்டு ஒரு காலத்தில் சுரங்கத்துக்கும் லைனுக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். இப்போது வந்தால் உண்டு. போர் தண்ணீரோ, கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படியும் உப்புத் தண்ணீர். அதையே ஊற்றி வந்த வருஷம், குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. உரம் போதவில்லை என்று மேலும் மேலும் புண்ணாக்கு போட்டேன். சத்து மண்ணில் இருந்தது. அந்தத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி, இரும்புச்சத்தை வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவைத்திருந்தது. ஷீட் கூரை ஓரத்தில் தகரத்தை மடித்து, இரண்டு டிரம்மில் மழைத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன். குழியின்மேல் நான்கு விரல் கனத்துக்குப் புங்க இலைச் சருகு. அடுத்த மழை முடிவதற்குள் குருத்து பச்சையானது.

தொட்டிச் செடிகளுக்கு எப்போது தண்ணீர் என்பதை நைனாதான் கற்றுக்கொடுத்தார், அவருக்கே தெரியாமல். நடமாட்டம் குறைந்த பிறகு கைத்தடியால் எதையாவது தட்டிக்கொண்டிருப்பது அவர் பழக்கம். ஒரு நாள் மண்தொட்டிகளை வரிசையாகத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இன்னா பாப்பா, இங்க எல்லாம் தலகீழா கீது. கணீர்னு கேக்கறது காஞ்சி கெடக்குது, டொப்புனு கேக்கறது நல்லாக்கீது." சுட்ட மண்தொட்டியில் உள்ளே மண் காய்ந்து ஓரம் விட்டுவிட்டால் சத்தம் மணி மாதிரி வரும். ஈரமாக இருந்தால் சத்தம் அமுங்கும். சுரங்கத்தில் உயிரைக் காத்த சத்தம் தொட்டியில் தாகத்தின் சத்தம். அதற்குப் பிறகு காலையில் அவர் தட்டுவார், நான் கணீருக்கு மட்டும் ஊற்றுவேன். அந்தக் கோடையில் டிரம் தண்ணீர் ஒன்றரை மாதம் கூடுதலாக வந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் இந்த வித்தை பலிக்காது.

அடுப்படியிலிருந்து போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்டால் மூன்று வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும். காயவைத்து மாவாக அரைத்தால்தான் ஏதாவது பயன். டீத்தூளைச் சர்க்கரை போகக் கழுவாவிட்டால் எறும்பு குடிவரும். மீன் கழுவின தண்ணீரை ஒரே ஒரு தடவை ஊற்றினேன். லைன் பூனைகள் எல்லாம் சேர்ந்து செடியைத் தோண்டிவிட்டன. கைகண்டது கடலைப் புண்ணாக்கு. 200 கிராமை இரண்டு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. வாடை வரும். அன்றைக்கு யாராவது பெண் பார்க்க வருவதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

மார்கழிப் பனியில் இலை மேல் வெள்ளை மாவு படிகிற சாம்பல் நோய்க்குப் புளித்த மோர், ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர். இது ஆயாக்காலத்துக் கை வைத்தியம் என்று நினைத்திருந்தேன். பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆராய்ச்சியாளர் இதே சாம்பல் நோய்க்குத் தண்ணீர் கலந்த பாலை சுக்கினிச் செடியில் அடித்து, நல்ல பலன் கிடைத்ததாக 1999இல் எழுதியிருக்கிறார் என்று பின்னால் படித்தபோது சிரித்துக்கொண்டேன். ஆனால் மோர், நோய் தொடங்கும்போது அடித்தால்தான் கேட்கும். குருத்து சுருண்ட பிறகு அடித்தால் மோர்தான் வீண்.

எல்லாவற்றையும் இந்த வழியில் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் காதலர் தினத்துக்கென்று வளர்க்கிற முழ நீளக் காம்பு ரோஜா என் வாசலில் வராது. பண்ணையிலிருந்து கொண்டுவந்த நீளமொட்டு ரகங்களில் பாதி, கரும்புள்ளியிலும் நுனிக்கருகலிலும் இரண்டு வருஷத்துக்குள் போயின. முதலில் எனக்குக் கைராசி இல்லை என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, அவை பனி நாட்டுக்காக உண்டாக்கிய ரகங்கள். அங்கே குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். இங்கே தூக்கமே இல்லை. வருஷம் முழுக்க விழித்திருந்து இளைத்துப்போகும். நாம் செய்கிற கவாத்துதான் அதற்கு நம் ஊர்க் குளிர்காலம். இதற்காகவே கொடைக்கானலில் வீரராகவனும் கிரிஜாவும் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து வெப்ப நாட்டு ரகங்களை உருவாக்கப் பல்லாண்டு உழைத்தார்கள். தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் பெயரில் மஞ்சள் ரோஜா ஒன்று இருப்பது அவர்கள் கைங்கரியம்.

எனக்கு நிலைத்தவை பழைய ஆட்கள். ஆயாவின் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா என்பதும் அதுதான். இந்துமாக் கடலில் ரீயூனியன் தீவிலிருந்து கிளம்பிய பரம்பரை, வடக்கே ஒரு காலத்தில் ஒட்டுக்கு வேர்ச்செடியாகவே வைத்தார்கள் என்றால் அதன் திடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கருஞ்சிவப்பில் தலைகுனிந்து பூக்கும், வாசனை தெருவுக்கு வரும். பண்ணைச் சீட்டில் 'குரூஸ் ஆன் தெப்லிட்ஸ்' என்றிருந்தது. 1897இல் கெஷ்விண்ட் என்ற வனத்துறைக்காரர் உருவாக்கித் தெப்லிட்ஸ் ஊருக்கு வணக்கம் என்று பெயர் வைத்தாராம். லைனில் அதை 'வணக்கம் ரோஜா' என்றுதான் சொல்கிறோம்.

கவாத்துக்கு எங்கள் கணக்கு பஞ்சாங்கக் கணக்கு மாதிரி, பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. வெட்டிய நாளிலிருந்து பூக்க இங்கே நாற்பத்தைந்து நாள், குளிர் மாதத்தில் சில நாள் கூட. கிறிஸ்துமஸுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்துக்குள் வெட்ட வேண்டும். அதுதான் பெரிய கவாத்து: காய்ந்தது, குறுக்கே ஓடுவது எல்லாம் போக, மூன்று நான்கு நல்ல தண்டு, முழங்கால் உயரம். வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சரிவாக. தடித்த வெட்டில் மஞ்சளும் சாணியும் குழைத்துப் பூசுவேன். நுனிக்கருகல் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு இணையான இன்னொரு நாள் ஏப்ரல் 14, அம்பேத்கர் ஜெயந்தி. மாலைக்கும் சிலைக்கும் லைன் பையன்கள் வீடு வீடாகப் பூ கேட்டு வருவார்கள். கோடையில் ஆழமாக வெட்டக் கூடாது, நுனியை மட்டும் ஒரு சாண் கிள்ளலாம். எந்த நாளில் கிள்ளுவது என்று முதல் தடவை விரல் விட்டு நாற்பத்தைந்து பின்னோக்கி எண்ணினேன். பிப்ரவரி 28 வந்தது. சுரங்கத்தை மூடிய நாள். மறுபடி எண்ணினேன், அதே நாள். நைனாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வெட்டு" என்றார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்தத் தேதியில் கத்தரி எடுக்கிறேன்.

2016 ஜனவரியில் அவர் போனார். அந்த பிப்ரவரி 28 அன்று கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் போட்டிருந்த இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு வெட்டினேன். இரண்டு நாள் தாமதமாகத்தான் பூத்தன. அந்த வருஷம் சிலைக்கு மொட்டுதான் கொடுத்தேன்.

கைத்தடி இப்போதும் தொட்டி வரிசைக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறது. இந்த வருஷம் கவாத்து அன்று காலையில் அதை எடுத்து ஒவ்வொரு தொட்டியாகத் தட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுச் சின்னது, ஆறு வயசு, பின்னாலேயே வந்தது.

"அத்தே, உள்ள யாருனா கீறாங்களா?"

"காது வச்சிக் கேளு."

தடியை என் கையிலிருந்து வாங்கி மூன்று தொட்டியைத் தானே தட்டினாள். நாலாவதில் கணீரென்றது. தடியை என்னிடம் நீட்டிவிட்டு, சொம்பை எடுக்க டிரம் பக்கம் ஓடினாள்.